செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? ஸ்பேர் வாங்க ஓடுவதற்கு முன்

போன நவம்பரில் பெருங்களத்தூர் தாண்டும்போது என் காரின் டேஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. ஏழு வருடப் பழைய பெட்ரோல் வண்டி. ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த மெக்கானிக் ஷெட்டில் ஸ்கேனர் போட்டார்கள், பி0135 என்று ஒரு கோடு, அதாவது கோளாறு எண், வந்தது. "ஆக்ஸிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்றார்கள். சென்சார் 5,200, லேபர் 600, ஸ்கேன் சார்ஜ் 400. விளக்கு அணைந்தது. நான்காம் நாள் அதே கோடுடன் மறுபடி எரிந்தது. அடுத்து போன இடத்தில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவே பழுது என்று 28,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். மாதக் கடைசி, கையில் பணம் இல்லை. அதனால்தான் தப்பித்தேன்.

மூன்றாவதாகப் பார்த்தவர் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன். அவர் ஸ்கேனரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, சென்சாரின் வயர் இணைப்பான கப்ளரைக் கழற்றி, டெஸ்ட் லேம்பை வைத்துப் பார்த்தார். பல்பு எரியவில்லை. "கரண்டே வரலையே சார். புது சென்சார் மாட்டினா மட்டும் என்ன பண்ணும்?" என்றார். வயரை விரலால் தடவிக்கொண்டே போய், ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு கைப்பிடி தேங்காய் நாரையும் பிஸ்கட் கவர் ஒன்றையும் வெளியே இழுத்துப் போட்டார். அதற்குக் கீழே வயர் இரண்டு துண்டாகக் கிடந்தது. எலி. சோல்டர் வைத்து ஸ்லீவ் போட நாற்பது நிமிடம், 450 ரூபாய்.

பி0135 சொன்னது, புகைக் குழாயில் ஆக்ஸிஜனை அளக்கும் முன் சென்சாரின் சூடேற்றும் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான். அந்த சர்க்யூட்டில் சென்சாரும் உண்டு, வயரும் உண்டு, ஃப்யூஸும் உண்டு. எது போயிருக்கிறது என்று கோடுக்குத் தெரியாது, நாம்தான் தேட வேண்டும். அந்தத் தேடலில் வீட்டிலேயே செய்யக்கூடியதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லாதவர்களுக்கும் பாதிக்கு மேல் கைகூடும்.

1. முதலில் விளக்கைப் பாருங்கள்

மஞ்சள் விளக்கு விடாமல் எரிந்தால், வண்டி வழக்கம்போல ஓடினால், பதற வேண்டியதில்லை. நிதானமாக வீடு போய்ச் சேரலாம், இரண்டு மூன்று நாளில் பார்த்துக்கொள்ளலாம். அதே விளக்கு விட்டு விட்டு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம். அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், கன்வர்ட்டர் சூட்டில் உருகும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஓரம் கட்டுங்கள். டோவிங் வண்டிக்கு இரண்டாயிரம் போனாலும் லாபம்தான்.

ஆயில் விளக்கோ டெம்பரேச்சர் விளக்கோ சிவப்பில் எரிந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு எஞ்சினை நிறுத்துங்கள். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை.

அமெரிக்க வீடியோக்கள் எல்லாம் பெட்ரோல் மூடியை இறுக்கச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். செலவில்லாத வேலை, ஒரு தரம் இறுக்கிப் பாருங்கள். நம் ஊர் வண்டியில் அதனால் விளக்கு அணைந்து நான் பார்த்ததில்லை.

2. கருவி: அறுநூற்றைம்பது ரூபாய் போதும்

காரின் சாக்கெட்டில் செருகி, போனிலேயே கோடு படிக்க, இஎல்எம் 327 என்ற பெயரில் விற்கும் ப்ளூடூத் அடாப்டர் வேண்டும். நான் ஆன்லைனில் 650 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கும் முன் இரண்டைக் கவனியுங்கள்.

ஒன்று, உங்கள் போன். ஐபோன் என்றால் பழைய வகை ப்ளூடூத் அடாப்டர் இணையாது. வைஃபை அடாப்டரோ, ஐபோனுக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்டிருக்கும் ப்ளூடூத் எல்இ அடாப்டரோ வாங்க வேண்டும். ஆண்ட்ராய்டில் இந்தத் தொல்லை இல்லை. இணைக்கும்போது எண் கேட்டால் 1234 அல்லது 0000.

இன்னொன்று, வண்டியின் வயது. 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்4 கார்களிலும் பிஎஸ்6 கார்களிலும் இந்த அடாப்டர் படிக்கக்கூடிய ஓபிடி-2 என்ற கோளாறு பதிவு முறை இருக்கும். அதற்கு முந்தைய வண்டியில் சாக்கெட் இருந்தாலும் இந்த அடாப்டர் எல்லாவற்றையும் படித்துவிடும் என்று சொல்ல முடியாது. தெரிந்தவரிடம் ஓசி வாங்கிச் சோதித்த பிறகு வாங்குங்கள்.

ஆப்புக்கு கார் ஸ்கேனர் போதும். அதில் இலவசப் பதிப்பு இருக்கிறது, கோடு படிக்கவும் அழிக்கவும் அதுவே தாராளம்.

சாக்கெட் ஓட்டுநர் பக்கத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். பதினாறு துளை, பக்கவாட்டில் சரிந்த வடிவம். எனக்கு முதல் நாள் டார்ச் அடித்துக் குனிந்து தேடியதில் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். கையை விட்டுத் தடவினாலே கிடைத்துவிடும். வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள். சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டில் கரண்ட் இருக்கும், ஒரு வாரம் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.

3. கோடைப் படியுங்கள், உடனே அழிக்காதீர்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆப்பை இணைத்துக் கோடைப் படியுங்கள். புதியவர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, படித்த கையோடு "அழி" பொத்தானைத் தட்டுவது. கோடோடு சேர்ந்து ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகும். கோளாறு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு சூடு, வண்டி என்ன வேகம் என்றெல்லாம் இசியூ எடுத்துவைத்த படம் அது. எஞ்சின் ஆறியிருந்தபோது பதிவானதா, நெடுஞ்சாலையில் மேடு ஏறும்போது பதிவானதா என்று தெரிந்தாலே தேடல் பாதியாகக் குறையும். முதலில் எல்லாத் திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஓடோமீட்டரையும் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.

பட்டியலில் "பெண்டிங்" என்று வருவது ஒரு தரம் மட்டும் தென்பட்டது, அதற்கு விளக்கு எரியாது. பொதுவாக அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு வந்தால்தான் உறுதியான கோடாக மாறி விளக்கு எரியும். என் வண்டியில் புது சென்சார் போட்டதும் விளக்கு அணைந்த மர்மம் இதுதான். சென்சாரால் அணையவில்லை, கோடை அழித்ததால் அணைந்தது. மழையில் மூன்று நாள் வண்டியை எடுக்கவில்லை. எடுத்து இரண்டு தரம் ஓட்டியதும் திரும்பிவிட்டது.

கோடில் முதலில் வரும் எழுத்து எந்தப் பகுதி என்று சொல்லும். எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் பவர்டிரெய்னின் பி (P). ஏசி, ஏர்பேக் போன்றவை பாடியின் பி (B). பிரேக், ஸ்டியரிங்குக்கு சி. கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதில் கோளாறு என்றால் யு. தமிழில் எழுதினால் இரண்டு பி-யும் ஒன்றாகிவிடுகின்றன. இங்கே நான் எழுதுவதெல்லாம் பவர்டிரெய்னின் பி என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு. 1 என்றால் அந்தக் கம்பெனியின் சொந்தக் கோடு, பொதுப் பட்டியலில் தேடினால் வேறு ஏதோ அர்த்தம் வந்து குழப்பும். உங்கள் வண்டி மாடலையும் சேர்த்துத் தேடுங்கள்.

ஏர்பேக் விளக்கு எரிந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மஞ்சள் நிற கப்ளர், மஞ்சள் உறை போட்ட வயர் எதையும் கழற்றக் கூடாது.

4. எந்தக் கோடாக இருந்தாலும் முதல் பத்து நிமிடம்

பேட்டரி வோல்ட்டைப் பாருங்கள். 300 ரூபாய் மல்டிமீட்டர் போதும், ஆப்பிலேயே தெரிந்தாலும் சரி. எஞ்சின் ஓடாதபோது 12.4க்கு மேல், ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. ஸ்மார்ட் ஹைபிரிட் வகை வண்டிகளில் ஓடும்போது இது ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். பேட்டரி படுத்துவிட்டால் சம்பந்தமே இல்லாமல் ஏழெட்டுக் கோடுகள் கொட்டும். ஒரே நேரத்தில் கோடுகள் கூட்டமாக வந்தால் முதல் சந்தேகம் பேட்டரி, அடுத்தது எர்த் வயர்.

அப்புறம் போனட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். எலிப் புழுக்கை, நார், பஞ்சு, கடித்த வயர் ஏதாவது கிடக்கிறதா? ஏர் ஃபில்டர் குழாய் ஒழுங்காக மாட்டியிருக்கிறதா? போன சர்வீஸில் ஃபில்டர் மாற்றிய பையன் கிளிப்பைப் போடாமல் விட்டிருப்பான். கோடு சொல்லும் பாகத்தின் கப்ளரைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி மாட்டுங்கள். பழைய கப்ளரின் பூட்டு வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி இருக்கும், பலமாக அழுத்தாதீர்கள். எஞ்சின் ஆறிய பிறகே இதெல்லாம்.

ஃப்யூஸ் பெட்டியின் மூடியில் எந்த ஃப்யூஸ் எதற்கு என்று படம் இருக்கும். ஐந்து ரூபாய் ஃப்யூஸ் போனதற்கு ஐயாயிரத்துக்கு சென்சார் மாற்றியவர்களும் உண்டு என்று அந்த எலக்ட்ரீஷியன் சொன்னார். ஆறுதலாக இருந்தது.

5. அடிக்கடி வரும் கோடுகள்

பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது. "வண்டி மிஸ்ஸிங் அடிக்குது" என்பார்களே, அது. கடைசி இலக்கம் எந்த சிலிண்டர் என்று சொல்லும், 0 என்றால் குறிப்பிட்டு ஒன்றில்லை. பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் காயில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனியாக உள்ள வண்டியில் இதைக் காசில்லாமல் கண்டுபிடிக்கலாம். பி0302 வந்தால் இரண்டாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டில் மாட்டுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில்தான் குற்றவாளி, அதனுடனேயே கோளாறும் இடம் மாறிவிட்டது. பி0302 அப்படியே நின்றால் பிளக்கையும் இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகும், அது மெக்கானிக் வேலை. நான்கு காயிலையும் ஒன்றாக மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஒன்று 1,800 முதல் 3,000 வரை ஆகிறது.

வாட்டர் வாஷ் முடிந்த மறுநாள் மிஸ்ஸிங் அடித்தால் பிளக் குழிக்குள் தண்ணீர் நிற்கிறது என்று பொருள். காயிலைக் கழற்றி, குழியைக் காற்றடித்துக் காய வையுங்கள். எஞ்சின் அறைக்குள் பிரஷர் தண்ணீர் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

பி0171 என்றால் கலவையில் காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. ஆப்பில் ஃப்யூவல் டிரிம் என்று ஒரு எண் வரும், கலவையைச் சரிசெய்ய இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது அது. குறுகிய காலம், நீண்ட காலம் என்று இரண்டு இருக்கும், இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பத்து சதவீதத்துக்குள் என்றால் கவலை இல்லை. ஐட்லிங்கில் 20க்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் குறைந்தால் எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது. காதை வைத்தால் உஸ்ஸென்ற சத்தம் கேட்கும். ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து வேகத்தில் ஏறினால் பெட்ரோல் பம்ப், ஃபில்டர் பக்கம் பாருங்கள். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க ஓடும் எஞ்சின்மேல் கிளீனர் ஸ்ப்ரே அடிக்கும் வித்தையை நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள், தீப்பிடிக்கும்.

பி0135 கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர், பி0141 பின்னால் இருக்கும் சென்சாரின் ஹீட்டர். எந்த சென்சார் என்று தெரியாமலே மாற்றுகிறவர்கள் உண்டு. நான்கு வயரில் இரண்டு ஹீட்டருடையவை. கழற்றிய சென்சாரின் அந்த இரண்டு முனைக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது, முடிவற்றது என்று காட்டினால்தான் சென்சார் போயிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையை யாராவது அன்றைக்கே செய்திருந்தால் என் 5,200 தப்பியிருக்கும். இப்போது அந்தப் பழைய சென்சார் மேஜை டிராயரில் கிடக்கிறது, 6 ஓம் காட்டுகிறது.

பி0420 வந்தால் கேட்டலிடிக் கன்வர்ட்டர் மாற்ற வேண்டும் என்று சொல்லி நாற்பதாயிரத்துக்குக் குறையாமல் எஸ்டிமேட் போடுவார்கள். அவசரப்படாதீர்கள். பின் சென்சாருக்கு முன்னால் சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும் இந்தக் கோடு வரும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு ஆப்பில் பின் சென்சாரின் கிராஃபைப் பாருங்கள். 0.6, 0.7 வோல்ட் பக்கம் ஏறக்குறைய அசையாமல் நின்றால் கன்வர்ட்டர் வேலை செய்கிறது. முன் சென்சார் மாதிரியே 0.1க்கும் 0.9க்கும் இடையே துள்ளினால் கன்வர்ட்டர் நிஜமாகவே போய்விட்டது. அப்போதும் முதலில் அது ஏன் போனது என்று கேளுங்கள். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் போகும். "உள்ளே இருக்கறதை எடுத்துட்டு வெறும் பைப் வெச்சுடலாம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். மாசுச் சான்று சோதனையில் மாட்டுவீர்கள். சான்று இல்லாமல் ஓட்டினால் அபராதம் 10,000 ரூபாய் வரை.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்களுக்கு டிபிஎஃப், அதாவது புகையிலுள்ள கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டரின் விளக்கு தனி. ஊருக்குள்ளேயே ஓட்டினால் கரி சேரும். ஓனர் மேனுவலில் சொன்ன வேகத்தில், சொன்ன நேரம் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டினால் பெரும்பாலும் எரிந்து போய்விடும். விளக்கை அலட்சியம் செய்து இழுத்தடித்தால் சர்வீஸ் சென்டரில்தான் தீரும்.

6. மெக்கானிக்கிடம் போகும்போது

வாரண்டி இருக்கும் வண்டியில் மேலே சொன்ன எதையும் கழற்றாதீர்கள். கோடைப் படித்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நேராக அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: ஆர்சி நகல், சர்வீஸ் புத்தகம் அல்லது பழைய பில்கள், கோடு மற்றும் ஃப்ரீஸ் ஃப்ரேம் ஸ்கிரீன்ஷாட்கள். ஆர்சி எதற்கு என்றால், அதிலுள்ள சேசிஸ் எண்ணை வைத்துத்தான் சரியான பார்ட் நம்பரைக் கண்டுபிடிக்க முடியும். ஒரே மாடலில் வருடத்துக்கு ஒரு சென்சார் மாற்றியிருப்பார்கள். ஸ்பேர் கடைகள் நிறைந்த சென்னை ஜி.பி. ரோட்டில் பார்ட் நம்பர் இல்லாமல் போய் நின்றால் வெயில்தான் மிச்சம். பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பழைய சென்சார் வாங்காதீர்கள், எந்த வண்டியில் என்ன பாடுபட்டு வந்ததோ.

ஜாப் கார்டில் "சென்சார் மாற்றவும்" என்று எழுத விடாதீர்கள். "பி0135 வருகிறது, காரணம் கண்டுபிடிக்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். சென்சார் என்று எழுதினால் மாற்றியதோடு அவர்கள் பொறுப்பு முடிந்தது. காரணம் என்று எழுதினால் கோடு திரும்பும்போது கேட்க உங்களுக்கு வாய் இருக்கும். எஸ்டிமேட்டில் பார்ட் விலையும் லேபரும் தனித்தனியாக இருக்கட்டும், லேபருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

வயரிங் கோளாறு என்று தோன்றினால் முதலில் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போங்கள். பெரிய சர்வீஸ் சென்டரில் வயரை ஒட்டித் தர மாட்டார்கள், முழு வயரிங் செட்டையே மாற்றச் சொல்வார்கள். எலி கடித்த சேதம் அதிகம் என்றால், கை வைக்கும் முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு போன் போட்டு உங்கள் பாலிசியில் வருமா என்று கேளுங்கள். சர்வேயர் பார்க்கும் முன் சரிசெய்துவிட்டால் கிளெய்ம் கேட்க முடியாது. நாரையும் புழுக்கையையும் கூட்டித் தள்ளாமல் அப்படியே போட்டோ எடுத்து வையுங்கள்.

7. சரிசெய்த பிறகு

இப்போது கோடை அழிக்கலாம். பேட்டரி டெர்மினலைக் கழற்றி அழிக்கும் பழைய முறை வேண்டாம். ஸ்டீரியோ செட்டிங் போகும், சில வண்டிகளில் ஐட்லிங் இரண்டு நாள் தடுமாறும். ஆப்பில் அழித்துவிட்டு, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஊருக்குள்ளும் கொஞ்சம் நெடுஞ்சாலையிலுமாக இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். அதன்பின் பெண்டிங் பட்டியலைப் பாருங்கள். அதுவும் காலியாக இருந்தால்தான் பாக்கிப் பணத்தைக் கொடுப்பேன் என்று முதலிலேயே பேசிக்கொள்வது நல்லது. நான் மூன்றாவது தடவைதான் அப்படிப் பேசினேன். எலக்ட்ரீஷியன் சிரித்துவிட்டு 450 ரூபாயையும் வாங்காமல் அனுப்பினார், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எலிக்கு மருந்து என்று புகையிலை, நாப்தலின் உருண்டை, ஸ்ப்ரே எல்லாம் வைத்துப் பார்த்தேன். என் அனுபவத்தில் பலன் கொடுத்தது இரண்டுதான். கம்பி வலை ஒன்றை அளவெடுத்து வெட்டி ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் கட்டியிருக்கிறேன். வண்டியை குப்பைத் தொட்டி பக்கம் நிறுத்துவதையும் விட்டுவிட்டேன். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை போனட்டைத் திறந்து பார்க்கிறேன். போன வாரம் மறுபடி கொஞ்சம் நார் கிடந்தது.